நாய் வந்த வீடு

விமானம் ஓட்டுகிறவன் நாய் வளர்க்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லாதவர்கள் கிடையாது. காரைக்காலிலிருந்து அம்மா கடிதத்தில் எழுதினாள், கூட வேலை செய்த பைலட்டுகள் சொன்னார்கள், கம்பெனி டாக்டர்கூட என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் யார் பேச்சைக் கேட்டேன்? வாரத்தில் நாலு நாள் டாலாட், டானாங், ஹுவே என்று சுற்றிவிட்டு மூன்று நாள் மட்டும் சைகோனில் தலைகாட்டுகிற தனிக்கட்டை நான். போயும் போயும் ஒரு நாயைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துக்கொண்டேன்.

நானாகத் தேடிப் போகவில்லை. ஃபூ குவோக் தீவுக்கு மீன்சாறு ஏற்றப் போயிருந்தபோது, அங்கே ஒரு மீனவர் காலிப் பெட்டி ஒன்றில் குட்டியைப் போட்டு என் கையில் திணித்துவிட்டார். அந்தத் தீவு நாய்களுக்கு முதுகு நெடுக ரோமம் எதிர்ப்பக்கம் பார்த்து வளரும், யாரோ அவசரத்தில் தப்பாகத் தலைவாரிவிட்டது போல. டகோட்டா விமானத்தில் என் காலடியில் படுத்து வந்த குட்டி, சைகோனில் இறங்குவதற்குள் என் பூட்ஸ் நாடா ஒன்றை முழுசாகத் தின்று முடித்திருந்தது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு.

மெத்தேயோ என்று பெயர் வைத்தேன். பிரெஞ்சில் வானிலைக்கு அப்படித்தான் சொல்வார்கள். இடி மழை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்வான். விமான நிலையத்து வானிலைக்காரர்களைவிட அவனைத்தான் நான் அதிகம் நம்பினேன்.

டான் சோன் நாட் விமான நிலையத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம், ஃபூ நுவானில் ஒரு சந்துக்குள் என் வீடு. எதிர்வீட்டில் மாதலேன் அக்கா. அவரும் காரைக்கால்தான், மருத்துவச்சி, புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பிள்ளைப்பேறு எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது என்பதால் சந்திலேயே அவர் வீட்டில் மட்டும் தொலைபேசி இருந்தது. என் வீட்டுச் சாவி ஒன்றும் அவரிடம் இருந்தது. நான் ஊரில் இல்லாத நாட்களில் மெத்தேயோவுக்குச் சோறு அவர் கையால்தான்.

"நாய் ஒன்னோடதா, என்னோடதா தம்பி?" என்று மாதம் ஒரு தடவையாவது கேட்பார். "கொஞ்சுறது நீ, கழுவி விடுறது நானு."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பெட்டியை நான் அலமாரி மேலிருந்து இறக்கினால் போதும், மெத்தேயோ வாசற்கதவுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அந்த முதுகைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு தடவையும் வேலைக்குப் போக வேண்டும். முன்னூறு பேர் உயிரைச் சுமந்துகொண்டு புயலில் இறங்கியிருக்கிறேன் என்று பீற்றிக்கொள்வதற்கு என் விமானத்தில் முன்னூறு இருக்கை கிடையாது, இருபத்தெட்டுதான். ஆனால் அந்த இருபத்தெட்டு பேரையும் விட அந்த ஒரு முதுகுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

*

அறுபத்தெட்டாம் வருஷம். வியட்நாம் புத்தாண்டின் முதல் நாள். தெத் என்று சொல்லும் அந்தப் பண்டிகைக்குச் சைகோனே வெடி வெடித்துக்கொண்டிருந்தது. கடற்கரைக்குப் போய்ப் பண்டிகை கொண்டாடுகிற பணக்காரக் கூட்டம் ஒன்றை வுங் டாவில் இறக்கிவிட்டு, மறுநாள் காலை காலி விமானத்தோடு திரும்ப வேண்டியது என் வேலை. வெடிச்சத்தம் மெத்தேயோவுக்கு ஆகாது. ஜன்னலையெல்லாம் சாத்தி, தண்ணீரும் சோறும் வைத்து, கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். ஒரே ஒரு ராத்திரிதானே.

மறுநாள் விடிந்தபோது ஹோட்டல்காரர் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். சைகோனில் சண்டை. கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் டான் சோன் நாட்டின் மேற்கு வேலியை உடைத்துக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்கள் என்றார். இருபத்துநாலு மணி நேரமும் ஊரடங்கு. எந்த விமானமும் கிளம்பக் கூடாது, இறங்கவும் கூடாது.

வுங் டாவிலிருந்து சைகோனுக்கு இருபத்தைந்து நிமிஷம். விமானம் என் கையில் இருந்தது. எண்ணெய் இருந்தது. ஓட்டவும் எனக்குத் தெரியும். ஓடுபாதை ஓரத்தில் விமானத்தின் நிழலில் உட்கார்ந்து, வடமேற்கே எழும்பும் புகையைப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தேன். அந்தப் புகை எங்கள் சந்துப் பக்கமா, அப்பாலா என்று பைலட்டாகிய என்னாலேயே கணிக்க முடியவில்லை. துணை பைலட்டாக வந்த லூசியேன், பாண்டிச்சேரிப் பையன், என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "நாய்தானே கேப்டன்" என்றான். அன்று முழுக்க அவனோடு நான் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஹோட்டல் தொலைபேசியில் சைகோன் கிடைத்தது.

"அலோ, அக்கா! நான் கரியமாணிக்கம்."

"தம்பி! உசுரோட இருக்கியா? மோந்தியே, கடவுளே! எங்கருந்து பேசுற?"

"வுங் டாவ்லருந்துதான். நீங்க நல்லா இருக்கீங்களா? மெத்தேயோ எப்படி இருக்கான்?"

"கொரைச்சுக்கிட்டே இருக்கான் தம்பி, ரெண்டு நாளா வாய் மூடல. சுடுற சத்தத்துக்கு அலறுறான். நேத்துலருந்து சோறு போட முடியல. சந்து முனையில சிப்பாய்ங்க நிக்கிறாங்க, தலைய நீட்டுனாலே சுடுறாங்க. அந்த நாய அடக்குறியா இல்ல நாங்க அடக்கவான்னு ஒருத்தன் கத்திட்டுப் போறான். நான் என்னா பண்ணட்டும், சொல்லு."

சந்தின் அகலம் பத்தடி. ஐம்பத்தாறு வயது அக்கா, மூட்டுவலிக் காலோடு, என் நாய்க்குச் சோறு கொண்டுபோகிறேன் என்று அந்தப் பத்தடியைக் கடப்பது என் கண்முன் வந்தது. ஒரு நாய்க்காக அவர் உயிர் போவதா? பட்டினி கிடந்தாலும் கிடக்கட்டும் அவன்.

"விட்டுடுங்கக்கா," என்றேன். "பரவால்ல. விட்டுடுங்க."

"விட்டுடவா?"

"ஆமாங்கக்கா."

அதோடு லைன் போய்விட்டது. போனை வைத்துவிட்டு, லூசியேன் பார்க்காதபடி கடல் பக்கம் திரும்பி நின்று அழுதேன். சரியானதைச் சொன்னோம் என்ற சமாதானம் மட்டும் இருந்தது.

*

எங்கள் விமானத்தை இறங்க விட்டது ஒன்பதாம் நாள். ஃபூ நுவானுக்கு நடந்தே போனேன். முனையில் மூன்று வீடு எரிந்து கரியாக நின்றது. எங்கள் சந்து தப்பித்திருந்தது. என் வீட்டு கேட் திறந்து கிடந்தது, கதவும் திறந்து கிடந்தது. உள்ளே கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். யாருமில்லை.

மாதலேன் அக்கா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"நீ சொன்ன மாதிரியே விட்டுட்டேன் தம்பி."

"என்ன?"

"விட்டுடுங்கன்னு நீ சொன்னியே. ஒடனே தலகாணி உறைய ஒரு கம்புல கட்டிக்கிட்டு, வெள்ளக்கொடி மாதிரி தூக்கிப் புடிச்சிக்கிட்டு எறங்கிட்டேன். கதவத் தொறந்ததுதான் தாமதம், அம்பு மாதிரிப் பாஞ்சு ஓடிட்டான். இங்க பாரு." என் கேட்டின் தூணில் ஒரு துளையைக் காட்டினார். அவர் தோள் உயரத்தில் இருந்தது. "சுட்டுட்டான் பாவி. தப்பிச்சேன். நீ சொல்லலன்னா எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது."

நான் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னது, அவன் பாட்டுக்குக் கிடக்கட்டும், நீங்கள் போகாதீர்கள் என்று. விட்டுவிடு என்று அவர் கேட்டது, திறந்து விடு என்று. ஒரே சொல். இரண்டு பேரும் காரைக்கால். இரண்டு பேருக்கும் அதே தாய்மொழி. வியட்நாம் பாஷையில் பேசியிருந்தால் இந்த விபரீதம் வந்திருக்காது. உடைந்த பாஷையாக இருந்தாலும் நாலு சொல் கூடுதலாகச் சொல்லியிருப்பேன்.

பதினாறு வருஷமாக விமானம் ஓட்டுகிறேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தால் அதை நான் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த உயரம், எந்தத் திசை, எந்த ஓடுபாதை, எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினால்தான் உத்தரவு வந்து சேர்ந்ததாக அர்த்தம். அக்காவும் திருப்பித்தான் சொன்னார், "விட்டுடவா" என்று. அதே சொல்லைத் திருப்பிச் சொன்னதைக் கேட்டு நானும் ஆமாம் என்றேன். என்னை எதால் அடிப்பது?

"ரொம்ப நன்றிக்கா," என்று மட்டும் சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் அந்தத் துளைக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

*

இரண்டு நாள் தேடினேன். முதுகில் ரோமம் திரும்பிய நாய் என்று சந்து சந்தாகக் கேட்டுக்கொண்டே போனேன். மூன்றாம் நாள், பெரிய தெருவுக்கு அந்தப் பக்கம், எரிந்த வீடுகளுக்கு நடுவே எரியாமல் நின்ற ஒரு தகரக்கூரை வீட்டு வாசலில் மெத்தேயோ படுத்திருந்தான். கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. முன்னால் ஒரு தட்டில் பன்றி எலும்பு.

என்னைப் பார்த்ததும் எலும்பை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தான். மேலே ஏறி, முகத்தை நக்கி, கீழே விழுந்து புரண்டு, மறுபடி ஏறி. அவ்வளவு நாள் அடக்கி வைத்ததெல்லாம் அங்கேயே, நடுத்தெருவில், எனக்கும் உடைந்துவிட்டது.

உள்ளிருந்து வீட்டுக்காரர், லான் அம்மாள், வந்தார். கிட்டத்தட்ட அறுபது வயது இருக்கும். விதவை. காலையில் வாசலில் அடுப்பு வைத்து நொய்யரிசிச் சோறும் சுட்ட பன்றிக்கறியும் விற்பவர். இந்தியனாக இருந்தால் சைகோன்காரர்கள் எல்லோரையும் ஏழாம் ஆள் என்றுதான் கூப்பிடுவார்கள்; ஏன் ஏழு என்று கேட்டால் எவருக்கும் தெரியாது.

"ஏழாம் தம்பி, எங்க லொக்கைத் தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

லொக் என்றால் அவர்கள் பாஷையில் பாக்கியம். தமிழில் அது இருமல். என் நாய்க்கு இருமல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இது என் நாய்ம்மா," என்றேன். அவன் என் இடுப்பில் காலைப் போட்டு நின்றுகொண்டிருந்தான், அதற்கு மேல் சாட்சி எதற்கு?

"எல்லாரையும் பார்த்தா இப்படித்தான் குதிக்கிறான்," என்றார் அவர். பிறகு என்னை உட்காரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார்.

புத்தாண்டு நாட்களில் ஒரு நாய் தானாக ஒரு வீட்டுக்குள் வந்து சேர்ந்தால் அந்த வீட்டுக்கு அது பாக்கியம். விரட்டக் கூடாது, கொடுக்கவும் கூடாது. சைகோனில் பிறந்த எவருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாம் நாள் மத்தியானம், தெரு முழுக்க எரிந்துகொண்டிருந்தபோது, இந்த நாய் நேராக உள்ளே வந்து பூஜை மேடைக்குக் கீழே படுத்தது. அதற்குப் பிறகு நெருப்பு பக்கத்து வீட்டோடு நின்றுவிட்டது. அது மட்டுமில்லை. லான் அம்மாளுக்கு ஒரே மகன், பெயர் தொவான், ஹுவேயில் ராணுவ லாரி ஓட்டுகிறான். அங்கே சண்டை இன்னும் முடியவில்லை. சேதி ஒன்றும் இல்லை.

"வீட்டைக் காப்பாத்துனவன் மகனையும் காப்பாத்துவான்," என்றார் அந்த அம்மாள். "இவன் இந்த வாசலைத் தாண்டிட்டா என் மகன் எப்படி வருவான், சொல்லுங்க தம்பி."

அவன் வந்தது பன்றிக்கறி வாசனைக்கு. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்த நாய், கறி சுடுகிற வீட்டைத் தேடி வந்தது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மாளின் கை நாயின் தலைமேல் இருந்தது. விரல்களில் அடுப்புச் சூடு பட்ட கொப்புளங்கள். எலும்புத் தட்டை நாய் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஆனால் நாயை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனசில்லை. நான் ஒன்றும் மகான் இல்லை.

பேரம் பேசினேன். ஆமாம், பேரம்தான், வெட்கத்தோடு சொல்கிறேன். மகன் வீடு வந்து சேரும்வரை நாய் இங்கே இருக்கட்டும் என்றார் அவர். லாரி ஓட்டுகிறவனுக்கு லீவு எப்போது கிடைக்குமோ, ஒரு வருஷம்கூட ஆகலாம் என்று என் மனம் கணக்குப் போட்டது. "சேதி வரும்வரைன்னு வச்சுக்கலாம்மா," என்றேன். "நல்லா இருக்கேன்னு அவர் ஒரு வரி எழுதிட்டாப் போதுமே. அதுக்கு மேல நாய் எதுக்கு?" அவர் சரியென்று தலையாட்டினார். "எம் மகன் கையெழுத்தைப் பார்த்த அன்னிக்கே நீங்க கூட்டிட்டுப் போகலாம். பேச்சு மாற மாட்டேன்," என்றார்.

*

ஒரு மாதத்துக்கு மேல் என் சொந்த நாயை நான் விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்தேன். சைகோனில் இருந்த காலைகளிலெல்லாம் லான் அம்மாள் கடையில்தான் சாப்பாடு. மெத்தேயோ என் பாதத்தின் மேல் படுத்துக்கொள்வான். நான் எழுந்தால் அவனும் எழுந்து கூடவே வாசல்வரை வருவான், அங்கே லான் அம்மாள், "லொக்!" என்பார். நின்றுவிடுவான். இப்போது முதுகைக் காட்டிப் போகிறவன் நான்தான். ஒரு தடவை, பையில் கயிற்றை எடுத்துக்கொண்டே போனேன், அவர் கறி வாங்கச் சந்தைக்குப் போகிற சமயமாகப் பார்த்து. வீட்டில் ஆளில்லை. சுவரில் தொவானின் படம் இருந்தது, பள்ளிக்கூடச் சட்டையில், காது இரண்டும் விடைத்துக்கொண்டு. கயிற்றைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

மார்ச் நடுவில் ஹுவேக்கு மறுபடி பயணிகள் விமானம் போக ஆரம்பித்தது. முதல் வாரத்திலேயே எனக்கு அந்த முறை வந்தது. நானாகக் கேட்டு வாங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேதி தானாக வரும் என்று உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமையில்லை. நேரில் தேடி, அவனைப் பிடித்து, அம்மாவுக்கு ஒரு வரி எழுதிக் கொடு என்று வாங்கி வந்துவிட வேண்டும். பேனாவும் தாளும் எடுத்துப் போயிருந்தேன்.

ஹுவே விமான நிலையத்தில் சரக்கு இறக்க நின்ற ராணுவ லாரிகளில் விசாரித்தேன். தொவான் என்ற பெயரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சைகோன், ஃபூ நுவான், அம்மா சோற்றுக்கடை, காது கொஞ்சம் விடைத்திருக்கும் என்று சொன்னேன். ஒரு சார்ஜெண்ட் லாரியிலிருந்து இறங்கி வந்தார்.

"நீங்க அவனுக்கு யாரு?"

"அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சவன்," என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் புரட்டினார். பெயர், எண், ஊர், தேதி. புத்தாண்டின் இரண்டாம் நாள், விடிகாலை. லாரிக் கொட்டகையிலேயே. தொவானைத் தன் கையாலேயே புதைத்ததாகச் சொன்னார். ஊருக்குக் கொண்டுபோகத் தோண்டி எடுக்க வேண்டும், காகிதங்களெல்லாம் எரிந்துபோய்விட்டன, மேலிடத்திலிருந்து வீட்டுக்கு அறிவிப்பு போக இன்னும் சில வாரம் ஆகும்.

"நீங்க போய்ச் சொல்லிடாதீங்க," என்றார். "அது எங்க வேலை. முறைப்படிதான் சொல்லணும்."

இரண்டாம் நாள் விடிகாலை. அப்போது மெத்தேயோ என் வீட்டில் பூட்டிக் கிடந்தான். அந்த அம்மாள் வீட்டுப் படியை அவன் மிதிப்பதற்கு ஒரு நாள் முன்பே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. திரும்பி வரும் வழி முழுவதும் லூசியேன்தான் ஓட்டினான். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

சொல்வதா, வேண்டாமா? சார்ஜெண்ட் சொன்ன வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது எங்க வேலை. நல்லதாகப் போயிற்று, நான் யார் சொல்வதற்கு? நாய் அங்கேயே இருக்கட்டும். ராணுவக்காரர்கள் வந்து சொல்கிற அன்றைக்கு அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஜீவனாவது இருக்கட்டும். அப்படித் தீர்மானித்தபோது என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. நாயை இழக்கத் துணிந்துவிட்டேன் அல்லவா.

மறுநாள் காலை சாப்பிடப் போனேன். கடை இல்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை. வாசலில் மெத்தேயோவைக் குளிப்பாட்டித் துடைத்து, புதுச் சிவப்பு நாடா கட்டி நிறுத்தியிருந்தார்கள். அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

லான் அம்மாள் புது உடுப்பில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏழாம் தம்பி! உங்களுக்குத்தான் ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். வந்துருச்சு!"

"என்னம்மா வந்தது?"

"கடிதாசி! நேத்து சாயங்காலம் தபால்காரர் கொண்டுவந்தார். எம் மகன் கையெழுத்துதான், பாருங்க."

நீட்டினார். வாங்கினேன். மேலே, வலது ஓரத்தில், அவனே எழுதியிருந்தான்: ஹுவே, புத்தாண்டு முதல் நாள். கறி வறுவல் இல்லாத தெத் என்ன தெத் என்று கேட்டிருந்தான். பௌர்ணமிக்கு முன்னால் லீவு கிடைக்கும், வருகிறேன், அம்மா அடுப்பு முன்னால் ரொம்ப நேரம் உட்காராதே என்று எழுதியிருந்தான். நான் படித்து முடித்தும் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றேன்.

"அம்மா, இதுல தேதி..."

"பழசுதான், தெரியுமே. ரோடெல்லாம் ஒடஞ்சு கெடந்தா தபால் எப்படி வரும்? பௌர்ணமி போயிருச்சு, அடுத்த பௌர்ணமிக்கு வருவான். லாரி ஓட்டுறவன் எப்பவும் தாமதம்தான்." கயிற்றை எடுத்து என் கையில் வைத்தார். "பேச்சு பேச்சுதான். கூட்டிட்டுப் போங்க."

"வேண்டாம்மா. அவர் நேர்ல வரட்டும். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"அது எப்படி? சேதி வர்ற வரைக்கும்னு நீங்கதான கேட்டீங்க?"

"கேட்டேன். இப்ப நானே சொல்றேன், இருக்கட்டும். எனக்கும் அடிக்கடி வெளியூர்..."

"தம்பி." அவர் குரல் மாறியது. "அடுத்தவங்க நாயை வச்சுக்கிட்டு, வேலை முடிஞ்ச பிறகும் குடுக்காம இருந்தா அந்தப் பாவம் யாருக்கு வரும்? எம் மகனுக்குத்தானே வரும்? அவன் நல்லா வந்து சேர வேண்டாமா?"

கூட்டிப்போனால், நாளை சேதி வரும்போது நாய் போனதால்தான் மகன் போனான் என்று நினைப்பார். விட்டுச் சென்றால், அதுவும் மகனுக்குப் பாவம். நிஜத்தைச் சொன்னால் இரண்டும் தீரும். "அம்மா," என்றேன். "நான் ஹுவேக்குப் போயிருந்தேன். அங்கே..."

"அவனைப் பார்த்தீங்களா?" என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கண்ணை நான் பார்த்திருக்கக் கூடாது.

"இல்லைம்மா. பார்க்கலை."

"எப்படிப் பார்ப்பீங்க, அவ்வளவு பெரிய ஊர்ல," என்று சிரித்து என் தோளைத் தட்டினார். பிறகு குனிந்து மெத்தேயோவின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து, எனக்குக் கேட்காதபடி ஏதோ சொன்னார். நிமிர்ந்து, வாசற்படியைத் தாண்டி அவனைத் தன் கையாலேயே மெல்லத் தள்ளிவிட்டார்.

மெத்தேயோவுக்குத் தலைகால் புரியவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு, என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, முன்னால் ஓடினான். தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். கடைசியில் உங்கள் நாய் கிடைத்துவிட்டதே என்று ஒருவர் சிரித்தார். தெருமுனை வந்ததும் பின்னாலிருந்து லான் அம்மாள் குரல் கேட்டது. அந்த வயதில் அவ்வளவு உரக்கக் கூப்பிட முடியும் என்று நான் நினைத்ததில்லை.

"ஏழாம் தம்பி! தொவான் வந்ததும் சொல்லி அனுப்புறேன். நீங்களும் லொக்கும் சாப்பிட வரணும்!"

திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்று, கடிதத்தைப் பிடித்த கையால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வர்றோம்மா," என்றேன்.